மலை தரும் உறக்கம்

மலைப்பாதையில் நாளெல்லாம் நடந்தவர் அன்றிரவு உறக்கத்தைத் தேடுவதில்லை. உறக்கம் அவரைத் தேடி வருகிறது. இது பலரும் பட்டறிந்த உண்மை. ஆயினும் அந்த உறக்கத்தைத் தருவது எது? கால்களின் களைப்பு மட்டுந்தானா?

2013-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எட்டுப் பேரை ஒரு வார காலம் ராக்கி மலைப்பகுதியில் மின்விளக்கின்றித் தங்கச் செய்தனர். பகலில் கதிரொளி, இரவில் தீயொளி, வேறு வெளிச்சமில்லை. அவர்களது உடலின் உட்கடிகாரம் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் முன்னகர்ந்து, ஞாயிற்றின் எழுச்சியோடும் மறைவோடும் இசைந்து நின்றது. 2015-இல் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஆய்வில், இயற்கைச் சூழலில் 90 நிமிடம் நடந்தவர்களிடம் தம் குறைகளையே எண்ணி எண்ணி மனம் நோகும் போக்குக் குறைந்திருந்தது. வாகனங்கள் விரையும் சாலையோரம் நடந்தவர்களிடம் அம்மாற்றம் காணப்படவில்லை. இவை சிறிய ஆய்வுகளே. எனினும் ஒளியும் அமைதியும் மனிதரை ஆற்றுகின்றன என்பதற்குச் சான்று பகர்கின்றன.

ஆனால், இதே மலைப்பாதைக்கு இன்னொரு முகமும் உண்டு. கொடைக்கானலுக்கு மோட்டார் சாலை அமையுமுன், பெரியகுளம் பக்கத்திலிருந்து வெள்ளகவி வழியே செங்குத்தான பாதையில் மக்கள் ஏறினர். வசதி படைத்தோர் நாற்காலியிலும் டோலியிலும் அமர்ந்திருக்க, கூலியாட்கள் அவர்களைச் சுமந்தனர். ஒளியும் மரநிழலும் அவர்களுக்கும் இருந்தன. ஆனால் அந்தச் சுமைதூக்கிகள் அன்றிரவு எப்படி உறங்கினர் என்று யார் கேட்டார்கள்?

விரும்பி நடப்பதால் விளையும் நலமும் பிழைப்புக்காக உடல் படும் பாட்டின் விளைவும் ஒன்றல்ல என்று மருத்துவ ஆய்வாளர் சிலர் இன்று சுட்டிக்காட்டுகின்றனர். இதில் வியப்பென்ன? மலையேறச் செல்பவர் களைத்தால் பாறையில் அமரலாம், வேண்டாமென்றால் திரும்பலாம். சுமை தூக்குபவருக்கு அவ்வுரிமை இல்லை. ஆகவே, நல்லுறக்கத்தின் வேர் களைப்பில் மட்டுமன்று, விரும்பியபோது நிறுத்திக்கொள்ளும் விடுதலையிலும் இருக்கிறது.

வயது வந்தோர் வாரந்தோறும் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடலுழைப்பில் ஈடுபட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நல்ல அறிவுரை. ஆனால், இரவெல்லாம் விழித்திருக்கும் காவலாளிக்கும், விடியுமுன் அடுப்பை மூட்டி நள்ளிரவில் பாத்திரம் துலக்கும் இல்லத்தரசிக்கும் அந்த நிமிடங்களை யார் தருவார்?

மலையேறுவது குற்றமன்று, அது தரும் அமைதி நன்றியோடு பெற வேண்டிய கொடை. ஆனால், இறங்கி வந்த மறுநாளே நம் பையைப் பிறர் தோளில் ஏற்றுவோமாயின், நாம் மலையில் கற்றதென்ன? நம் சுமையை நாமே எடுப்போம், அருகிலுள்ள கடைக்கு நடந்து செல்வோம், அடுக்களையில் பங்கேற்போம், நம்மிடம் பணிபுரிவோர்க்கு ஊதியம் குறையாத விடுப்பளிப்போம்.

நம் இல்லத்தில் இன்றிரவு கடைசியாக உறங்கப்போவது யார்? இந்தக் கேள்வியோடு மலையிலிருந்து இறங்குவதே பொருளுள்ள நடை.