எறியும் கேமராவும் எறியாத கேமராவும்

ஒருமுறை பயன்படுத்தி எறிந்துவிடும் கேமராவை வாங்குவதா, பல்லாண்டு வைத்துக்கொள்ளும் கேமராவை வாங்குவதா என்னும் பழைய வினா மீண்டும் எழுந்துள்ளது. கைபேசி வந்தபின் மறைந்திருந்த படச்சுருள், இளைஞரிடையே புதுமோகமாகத் திரும்பியிருப்பதே காரணம். ஆர்.எஸ்.புரத்தில் வாழும் நம் இல்லத்தாரும் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

பணக்கணக்கு எளிது. எறியும் கேமராவில் 27 படங்கள் அளவில் எடுத்ததும் அதன் பணி முடிந்தது. மற்றதற்கு முதற்செலவு மிகுதி. பின்னர்ச் சுருளுக்கு மட்டுமே செலவு. அடிக்கடி படமெடுப்போர்க்கு இதுவே ஆதாயம்.

சமணர் போடவேண்டிய கணக்கு வேறு. எறியும் கேமராவை ஃபியூஜி நிறுவனம் 1986-இல் ஜப்பானில் விற்கத் தொடங்கியது. மறு ஆண்டே கோடாக்கும் கொணர்ந்தது. அந்நெகிழிக் கூட்டைக் குப்பையென்று பலர் பழித்தனர். பின்னர், படம் கழுவும் நிலையங்களிலிருந்து கூடுகளைத் திரும்பப் பெற்று மறுபடி பயன்படுத்த அந்நிறுவனங்களே ஏற்பாடு செய்தன. எறிவதெல்லாம் குற்றமன்று, வாழையிலையையும் எறிகிறோம், அது மாட்டுக்குத் தீனியாகிறது. கூட்டைவிட, அதனுள் இருக்கும் சுருளே நம் கவலைக்குரியது.

சுருளின்மேல் பூசியிருப்பது ஜெலட்டின். கால்நடைகளின் எலும்பையும் தோலையும் பக்குவப்படுத்திக் காய்ச்சி எடுக்கும் பசை அது. 1871-இல் மேடாக்ஸ் என்னும் ஆங்கில மருத்துவர், வெள்ளி உப்பை ஜெலட்டினில் கலந்து தகட்டில் பூசும் முறையை வெளியிட்டார். அன்றுமுதல் படச்சுருள் தொழில் அதனையே நம்பி வளர்ந்தது. நமக்கு அண்மையில், உதகமண்டலத்தில் 1960-இல் நிறுவப்பெற்று, பின்னாளில் மூடப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலையின் 'இந்து' சுருளும் விலக்கன்று. அவ்வாலை எக்ஸ்ரே சுருளும் செய்தது. எலும்பு முறிந்தவர்க்கு எடுக்கும் எக்ஸ்ரேயையும், பந்தியில் மாமாவைச் சிரிக்கச் சொல்லி எடுக்கும் படத்தையும் ஒரே தட்டில் வைத்து நிறுத்தலாகாது.

செய்தல், செய்வித்தல், உடன்படல் என மூவழியிலும் வினை சேரும் என்று கற்றவர் நாம். அவ்வகையில் இரண்டு கேமராக்களும் ஒன்றே. இரண்டிலும் இருப்பது அதே சுருள். சொல்லப்போனால், எறியாத கேமராவே ஆசையை வளர்ப்பது. கருவி கையில் இருக்கிறதே என்று சுருள்மேல் சுருளாக வாங்கத் தூண்டும். எறியும் கேமராவிலோ எண்ணிக்கை தீர்ந்ததும் கை தானே நிற்கும். மிகுபொருள் விரும்பாமை என்னும் அணுவிரதத்தை ஒரு நெகிழிக் கூடு நினைவூட்டுவது வேடிக்கைதான்!

கைபேசியில் எடுத்தால் ஜெலட்டின் சுருள் இல்லை என்று மகிழலாம். ஆனால் ஸ்டூடியோவில் பளபளப்பான படமாகக் கேட்டால், அங்குப் பயன்படும் வெள்ளி உப்புத் தாளிலும் அதே பூச்சுத்தான். விசயமங்கலத்துச் சந்திரப்பிரபர் ஆலயத்தில் எடுத்த படத்தைச் சட்டமிட்டுப் பூசையறையில் மாட்டி, அதன்முன் விளக்கேற்றுவோர் இருக்கின்றனர். சட்டமிடுமுன், அத்தாள் எவ்வகையது என்று கடைக்காரரிடம் கேட்டுக்கொள்ளலாம். சாதாரணத் தாளில் மையால் அச்சிட்டுத் தருவோரும் உளர். மெருகு சற்றுக் குறையும்.