எதிரொலியின் குற்றம்

1903 ஜூனில் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஃப்ளெமிங் மார்க்கோனியின் கம்பியில்லாத் தந்தியை விளக்கிய கூட்டத்தில், வரவேண்டிய செய்திக்கு முன்பாக 'எலிகள்' என்ற சொல் திரும்பத் திரும்ப வந்து விழுந்தது. அனுப்பியவர் நெவில் மாஸ்கெலின், செப்பிடு வித்தைக்காரர். போட்டித் தந்திக் கம்பெனியின் பணம் அவருக்குப் பின்னால் இருந்தது. ஃப்ளெமிங் இதைப் போக்கிரித்தனம் என்றார். ரகசியம் என்று விற்கப்படுவதில் ரகசியம் இல்லையென்று காட்டியது பொதுக் காரியம் என்பது மாஸ்கெலினின் கட்சி. பணம் வாங்கியதால் அவர் காட்டியது பொய்யாகிவிடவில்லை.

வழக்கு இன்னும் முடியவில்லை. 2020இல் வாங்குவோரிடமே முன்பணம் திரட்டி உருவான ஃப்ளிப்பர் ஜீரோ உள்ளங்கையில் அடங்குவது. வாசல் அட்டை, கராஜ் ரிமோட் இவற்றின் அலையைக் கேட்டுவைத்துத் திருப்பிச் சொல்லும். கார்த் திருட்டைக் காரணங்காட்டி 2024 பிப்ரவரியில் கனடா அரசு இதைத் தடைசெய்யப்போவதாக அறிவித்து, அடுத்த மாதமே சுருதியைக் குறைத்துக்கொண்டது. அழுத்துந்தோறும் குறி மாறும் கார்ச் சாவியிடம் வெறும் எதிரொலி பலிக்காது. மாறாத ஒரே சொல்லுக்கு, யார் சொன்னாலும் திறந்துகொள்ளும் கதவிடம்தான் பலிக்கும்.

குற்றம் எதிரொலியினுடையதா, ஆளைப் பாராமல் சொல்லை நம்பிய பூட்டினுடையதா? பூட்டினுடையது என்பது சுலபமான பதில். ஆனால் கதவுக்குப் பின்னால் தூங்குகிறவன் பூட்டைச் செய்யவில்லை. அம்பலமாகும் உண்மைக்கு விலை கொடுப்பவன் அவன். விற்றவன் அடுத்த பூட்டையும் அவனிடமே விற்பான். மாஸ்கெலின் எலிகளை விட்டது விற்றவனின் மேடையில். அயலான் வாசலில் அவற்றை விடுகிறவன் எதை நிரூபிக்கிறான்?