இரண்டாம் முறை பார்க்கும் கண்

திருப்பூரின் பனியன் கம்பெனிகளுக்குள் சென்று வந்தவர்களுக்குச் செக்கிங் மேசை புதிதன்று. தைத்து முடித்த ஆடைகள் அங்கே குவிந்து கிடக்கும். பெரும்பாலும் பெண்களே அம்மேசையைச் சுற்றி நின்று, ஒவ்வோர் ஆடையையும் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்டுப்போன இடம் என எது கண்ணில் பட்டாலும் அங்கே ஒரு சிறு ஸ்டிக்கரை ஒட்டித் தனியே வைப்பார்கள். ஆயினும் தனியே வைத்ததெல்லாம் கழிவுக்குப் போய்விடுவதில்லை. கறையென்றால் போக்கிப் பார்ப்பார்கள். தையல் விட்டிருந்தால் தைத்தவரிடமே திரும்பி வரும். இன்னொருவர் இன்னொரு முறை பார்த்த பின்னரே அது நல்லதா, கழிவா என்பது முடிவாகும். ஸ்டிக்கர் ஓர் ஐயம்; தீர்ப்பு அதற்குப் பின்னால் வருவது.

துணிக்கு நாம் காட்டும் இப்பொறுமையை மாணவனுக்கும் காட்டுகிறோமா? பல்கலைக்கழகங்கள் தம் கணினிகளையும் அவை சார்ந்த தொழில்நுட்பத்தையும் எவ்வாறு ஆளுகின்றன என்பதை எண்ணும்போது, இக்கேள்வியே முன்னே வந்து நிற்கிறது. வல்லுநர் மட்டும் கவலைப்பட வேண்டிய செய்தியாக அது தோன்றலாம். 2021ஆம் ஆண்டு அப்படி அன்று என்று காட்டிச் சென்றது.

கொரோனாத் தொற்றால் கல்வி நிலைகுலைந்திருந்த காலம் அது. முந்தைய ஆண்டின் இறுதியில் நடந்திருக்க வேண்டிய பருவத் தேர்வுகளை அண்ணா பல்கலைக்கழகம் 2021 பிப்ரவரியில் இணைய வழியில் தொடங்கியது. மாணவர்கள் தத்தம் வீட்டிலிருந்தே எழுதினர். தேர்வறைக் கண்காணிப்பாளரின் இடத்தில் செயற்கை நுண்ணறிவு அமர்ந்தது. கேமராவின் வழியே முகத்தைப் பார்த்தது. ஒலிவாங்கியின் வழியே ஓசையைக் கேட்டது. ஐயத்துக்கு உரியதெனத் தனக்குப் பட்டதைக் குறித்துக்கொண்டது. ஏப்ரலில் முடிவுகள் வந்தபோது ஆயிரக்கணக்கானோரின் முடிவுகள் நிறுத்திவைக்கப்பட்டிருந்தன. தேறாதவர்களும் மிகப் பலர். தாங்கள் தவறு செய்யவில்லையென மாணவர்கள் முறையிட்டனர். புதிய அரசு அமைந்தபின், மே மாதத்தில், உயர்கல்வி அமைச்சர் க. பொன்முடி மறுதேர்வை அறிவித்தார்.

திருப்பூர் வட்டாரத்துப் பொறியியல் கல்லூரிகள் பலவும் அப்பல்கலைக்கழகத்தோடு இணைந்தவையே. இங்குள்ள ஒரு லைன் வீட்டை மனக்கண்முன் கொண்டுவருவோம். ஓர் அறை, ஒரு சமையற்கட்டு. சுவருக்கு அப்பால் பவர் டேபிளில் ஓவர்லாக் எந்திரங்கள் ஓடுகின்றன. தந்தை இரவு ஷிப்ட் முடிந்து அதே அறையில் உறங்குகிறார். கதவைத் திறந்து ஒருவர் எட்டிப் பார்க்கிறார். மகள் ஒரு கணம் தலையைத் திருப்புகிறாள். எந்திரத்துக்குத் தெரிவது தலை திரும்பியது ஒன்றே. அது ஏன் திரும்பியது என்பதை அறிய அந்த வீட்டை அறிந்திருக்க வேண்டும். தனியறையும் அமைதியும் உள்ள வீட்டை இயல்பாகக் கொண்டு அமைத்த கருவிக்கு முன், வறியவரின் வீடே ஐயத்துக்கு உரியதாகிவிடக் கூடும்.

நேர்மையாகச் சிந்திப்போர் இங்கே ஒரு மறுப்பை எழுப்பக்கூடும். பல்கலைக்கழகம் வேறென்ன செய்திருக்க முடியும்? இலட்சக்கணக்கான மாணவர்களை ஒரே நேரத்தில் அறைகளில் அமர்த்த இயலாத காலம். பார்த்து எழுதியவர்களும் இருந்திருப்பர். கண்காணிப்பே இல்லையென்றால், நேர்மையாகப் படித்தவனுக்கு அல்லவா அநீதி? மேலும், மனிதக் கண் மட்டும் மாசற்றதா? மறுமதிப்பீட்டில் பணம் பெற்று மதிப்பெண் கூட்டினர் என்ற குற்றச்சாட்டின்பேரில், அதே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தோர்மீது லஞ்ச ஒழிப்புத் துறை 2018இல் வழக்குப் பதிந்ததை நாம் மறந்துவிடவில்லை. எந்திரம் கையூட்டு வாங்காது, சாதி பாராது, களைத்துப் போகாது.

இம்மறுப்பில் உண்மை இருக்கிறது. எனவே எந்திரம் வேண்டாம் என்பது நம் முடிவாக இருக்க முடியாது. ஆனால் ஒன்றைக் கூர்ந்து நோக்க வேண்டும். தவறு செய்த மனிதருக்கு ஒரு பெயருண்டு. அவர்மீது முறையிடலாம், வழக்குத் தொடுக்கலாம், 'ஏன் இப்படிச் செய்தீர்' என்று கேட்கலாம். எந்திரத்தின் தவறுக்கு முன்னால் மாணவன் யாருடைய கதவைத் தட்டுவான்? கல்லூரி, பல்கலைக்கழகத்தைக் காட்டும். பல்கலைக்கழகம், மென்பொருளைக் காட்டும். மென்பொருளோ வாய் திறவாது. உழைப்பை எந்திரத்திடம் ஒப்படைக்கலாம். பதில் சொல்லும் கடமையை ஒப்படைக்க முடியாது. அது மனச்சான்று உள்ளவரிடமே இருக்க வேண்டிய ஒன்று.

நம்மைவிட வசதி மிகுந்த நாடுகளும் இதை இடறி விழுந்தே கற்றன. இங்கிலாந்தில் 2020ஆம் ஆண்டு பள்ளியிறுதித் தேர்வு நடக்காதபோது, ஆசிரியர் வழங்கிய தரங்களைக் கணினிக் கணக்கீடு ஒன்று திருத்தியது. ஒரு பள்ளியின் முந்தைய ஆண்டுகளின் முடிவுகளும் அதில் சேர்ந்தன. விளைவாக, ஏறத்தாழ 40 விழுக்காட்டுத் தரங்கள் குறைந்தன. எளிய பள்ளியில் பயின்ற திறமையான பிள்ளை, தனக்கு முன் பயின்றவர்களின் சுமையையும் சேர்த்துச் சுமந்தது. மாணவர்கள் தெருவில் இறங்கினர். ஆகஸ்டு 13இல் வெளியான முடிவை 17இல் அரசு கைவிட்டது. அமெரிக்காவின் கிளீவ்லாந்து மாநிலப் பல்கலைக்கழகம் இணையத் தேர்வுக்கு முன் மாணவரின் அறையைக் கேமராவில் சுற்றிக் காட்டச் செய்தது அரசியலமைப்புக்கு மாறானது என 2022இல் அந்நாட்டு நீதிமன்றம் ஒன்று தீர்ப்பளித்தது. தனியுரிமை அடிப்படை உரிமை என்று நம் உச்ச நீதிமன்றமும் 2017 ஆகஸ்டு 24இல் ஒன்பது நீதிபதிகளின் ஒருமித்த தீர்ப்பால் உறுதி செய்துள்ளது.

இத்தகைய கருவிகளை வாங்குவதென்று முடிவெடுக்கும் மேசையைச் சுற்றி யார் அமர்கிறார்கள்? பேராசிரியர், கணினி வல்லுநர், நிதி அலுவலர், விற்க வந்த நிறுவனத்தார். விளைவைச் சுமப்பவர் அங்கே இருப்பது அரிது. இதன் விலையை நொய்யல் கரையில் வாழும் நாம் அறிவோம். சாயக் கழிவை ஆற்றில் விட முடிவெடுத்தவர்கள் மேலே இருந்தார்கள். 1992இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணையில் அது தேங்கியபோது, கிணறும் நிலமும் கெட்டது கீழே இருந்த உழவர்களுக்கு. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிடும் நிலை வரும்வரை, அவர்களின் குரல் அந்த மேசையை எட்டவில்லை.

வேறு வகையிலும் செய்ய முடியும் என்பதற்குச் சான்று தொலைவில் இல்லை. பொறியியல் சேர்க்கைக்கு 1997 முதல் ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு நடந்து வந்தது. பெற்றோர் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு சென்னைக்குப் பயணப்படுவர். 2018இல் அது இணைய வழிக்கு மாறியபோது, கணினி இல்லாத வீடுகள் என்ன செய்யும் என்ற கேள்வி எழுந்தது. மாவட்டங்கள்தோறும் உதவி மையங்கள் அமைந்தன. எந்திரத்தோடு ஒரு மனிதரும் வந்தார். பயணச் செலவு மிஞ்சியது; கேட்டுத் தெரிந்துகொள்ள ஒரு முகமும் இருந்தது.

ஆகவே பல்கலைக்கழகத்திடம் நாம் கேட்பது பெரிதன்று. கருவியைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் மாணவருக்கும் ஓர் இருக்கை வேண்டும். வறிய வீட்டிலிருந்து வரும் மாணவராயின் மேலும் நன்று. எந்திரம் ஐயுற்றால் ஒரு மனிதர் பார்க்க வேண்டும். அதற்கும் மேலாக, ஐயத்துக்கு ஆளான மாணவரை அழைத்து, அவர் சொல்வதைக் கேட்ட பின்பே தீர்ப்பு எழுத வேண்டும். நம்மில் கல்லூரி நடத்துவோர், கற்பிப்போர், பெற்றோர் எனப் பலர் உள்ளோம். இதைக் கேட்கும் கடமை நமக்கும் உண்டு.

செக்கிங் மேசையருகே நிற்கும் தாய், நாள் முழுதும் ஊரார் அணியப்போகும் ஆடைகளை இரண்டாம் முறை பார்க்கும்படி எடுத்து வைக்கிறாள். அந்தக் கூலியில்தான் மகளின் கல்லூரிக் கட்டணம் கட்டப்படுகிறது. அவளுடைய மகளை இரண்டாம் முறை பார்க்க ஒரு கண் வேண்டாமா?