ஊர்க்காவலுக்கு ஓய்வூதியம் உண்டா?

புரட்டாசி பிறந்துவிட்டால் ரேணிகுண்டா சந்திப்பில் கால் வைக்க இடமிருக்காது. சென்னையிலிருந்து மும்பை போகும் இருப்புப்பாதையை விட்டுத் திருப்பதிக்குத் திரும்பும் இடம் அது. விமானத்தில் வருகிறவர்களும் அந்த ஊரில்தான் இறங்க வேண்டும். பிரம்மோற்சவத்தின் கருட சேவைக்குக் குவியும் கூட்டத்தை ஒழுங்குபடுத்தி மலைக்கு அனுப்பும் பந்தோபஸ்தைப் போலீசார் மட்டும் சுமப்பதில்லை. காக்கிச் சட்டையும் விசிலுமாகப் பக்கத்தில் நிற்பவர்களில் பலர் ஹோம் கார்டுகள் எனப்படும் ஊர்க்காவல் படையினர். பக்தரின் கண்ணுக்கு இருவரும் ஒன்றுதான். வயதாகி வெளியேறும்போதுதான் வேறுபாடு தெரிகிறது. போலீஸ்காரருக்கு ஏதோ ஒரு வகையில் ஓய்வூதியம் உண்டு. ஹோம் கார்டுக்கு இல்லை.

இந்தப் படையின் பிறப்பில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. 1946இல் பம்பாயில் கலவரங்களை அடக்க உருவானது. ஆந்திரத்து ஹோம் கார்டுகளை இன்றும் ஆளும் சட்டம் 1948இல், ரேணிகுண்டாவை உள்ளடக்கிய சித்தூர் மாவட்டம் சென்னை மாகாணத்தில் இருந்தபோது இயற்றப்பட்டது. 1962 சீனப் போருக்குப் பின் மத்திய அரசு சொல்லி, எல்லா மாநிலங்களிலும் ஒரே அமைப்பாகத் திரட்டினார்கள். தையற்காரரும் வாத்தியாரும் கடைக்காரரும் தம் பிழைப்பைப் பார்த்துக்கொண்டே, ஆபத்து நேரத்தில் ஊருக்குக் கைகொடுப்பார்கள் என்பது எண்ணம். அப்படி வருகிறவருக்கு நாள்படி கொடுத்தால் போதும், ஓய்வூதியம் எதற்கு என்று அன்று கேட்டிருந்தால் யாரும் மறுத்திருக்க மாட்டார்கள்.

ஆனால் இன்று சாலைச் சந்திப்பில் போக்குவரத்தைத் திருப்புவதும், காவல் வண்டி ஓட்டுவதும், நிலையத்தில் இரவுக்காவல் இருப்பதும் ஆபத்து நேரத்து வேலைகளா? வருடம் முழுக்க ட்யூட்டி போடப்படுகிறவருக்கு வேறு பிழைப்பு ஏது? ஆந்திரத்தில் 2019இல் நாள்படியை 710 ரூபாயாக்கியபோது, அதை மாதத்துக்கு 21,300 என்று அரசுத் தரப்பே கணக்குச் சொன்னது. முப்பது நாளும் வேலை உண்டு என்பது அந்தப் பெருக்கல் கணக்கிலேயே இருக்கிறது.

எதிர்வாதத்தை இளக்காரமாகத் தள்ள முடியாது. காவலர் தேர்வு எழுதி, ஓடி, உயரம் அளந்து, பலரை முந்தி வந்தவர் ஒருபுறம். அந்த வாசல் வழியாக வராதவர் மறுபுறம். பின்வாசலில் வந்தவருக்கும் அதே பலன் என்றால், தேர்வில் தோற்று ஒதுங்கிப்போன ஆயிரக்கணக்கானவர்களுக்கு என்ன பதில்? 2015இல் உச்ச நீதிமன்றமும் இமாச்சல ஹோம் கார்டுகளைப் பணி நிரந்தரம் செய்ய மறுத்தது. அதே தீர்ப்பு, முப்பது நாள் படியைக் கூட்டினால் போலீஸ்காரரின் குறைந்தபட்ச ஊதியத்தை எட்ட வேண்டும் என்றும் சொன்னது. பதவியையும் கூலியையும் நீதிமன்றம் பிரித்துப் பார்த்தது. முதுமை இதில் எந்தப் பக்கம் சேரும் என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. கூலியின் பக்கம்தான் என்பது என் முடிவு. ஓய்வூதியம் ஆள்பவர் மனமுவந்து போடும் பிச்சையல்ல, உழைத்த காலத்துக்கு உரியது என்று 1982இல் நகாரா வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

சேரும்போதே தெரிந்துதானே கையெழுத்திட்டார் என்பது அடுத்த வாதம். ராணுவத்தின் பகுதிநேரப் பிரிவான பிராந்தியப் படையின் (டெரிட்டோரியல் ஆர்மி) சுற்றுச்சூழல் பட்டாலியனில் சேர்ந்த ஒரு சிப்பாய்க்கு இதே வாதத்தால்தான் ஊனமுற்றோர் ஓய்வூதியம் மறுக்கப்பட்டது. கால் நூற்றாண்டு முழுநேர ராணுவத்தில் இருந்துவிட்டு அங்கே சேர்ந்தவர் அவர். விபத்தில் எண்பது விழுக்காடு ஊனமானார். கூடுதல் பலன் கேட்க மாட்டேன் என்று எழுதிக் கொடுத்தாரே என்றது அரசு. 2021 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. பலமுள்ளவர் நீட்டிய தாளில் பலமற்றவர் இடும் கையெழுத்து அவரைக் கட்டாது என்றது. ரேணிகுண்டாவில் வேலையில்லாமல் நின்று, கிடைத்த காக்கியை உடுத்திக்கொண்டவரின் சம்மதமும் அந்த வகையைச் சேர்ந்ததே.

இதனால் எல்லா ஹோம் கார்டுகளும் ஒரே தட்டில் வந்துவிட மாட்டார்கள். வருடத்தில் நாலு திருவிழாவுக்கு வந்து போகும் கடைக்காரருக்கு நன்றியும் நாள்படியும் போதும். இருபது வருடம் அன்றாடம் நின்றவர் கணக்கு வேறு. இந்த வேறுபாட்டை அளக்கும் வழி பிராந்தியப் படையிலேயே இருக்கிறது. சேர்ந்த தேதியை அங்கே பார்ப்பதில்லை. அழைப்பு வந்து சீருடையில் கழிந்த காலம் பதினைந்து வருடம் சேர்ந்தால் சாதாரணச் சிப்பாய்க்கும் ஓய்வூதியம். தமிழ்நாட்டில் நடந்தது ஆந்திர வழக்கத்துக்கு நேர்மாறு: நாள்படி 560 ஆக உயர்ந்தபோது பணிநாள் மாதத்துக்கு ஐந்தாகச் சுருங்கியது. அரைவயிற்றுப் பிழைப்பு அது. ஆனால் மீதி நாட்கள் அவருடையவை. முழு மாதத்தையும் எடுத்துக்கொண்டு பகுதிநேரத்துக்குரிய பொறுப்பை மட்டும் ஏற்பதைவிட அது நேர்மையானது என்றுகூடச் சொல்லலாம், கசப்போடு.

காவலருக்கு நிகரான ஓய்வூதியம் வேண்டும் என்பதல்ல வாதம். 2004 செப்டம்பர் முதல் ஆந்திர அரசுப் பணியில் சேர்ந்தவர்களே பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்துக்கு மாற்றப்பட்டவர்கள்தான். ஒவ்வொரு ட்யூட்டி நாளுக்கும் அரசும் அவரும் ஒரு சிறு தொகை போட்டுவந்தால், வேலை செய்த அளவுக்கு மட்டும் பலன் சேரும். தேர்வெழுதியவரின் பங்கில் கை வைத்ததாகவும் ஆகாது.

பழைய ஆட்களுக்கு அப்படிச் சேர்ந்த தொகை எதுவும் இராது, பதிவேடுதான் சாட்சி. அது காவல் நிலையத்தில் இருக்கிறது, கோருகிறவர் வெளியே இருக்கிறார். தியாகிகள் ஓய்வூதியம் கேட்ட முதியவர்கள் இதே சிக்கலில் அலைந்தார்கள். 1993இல் தாமதமாக மனுப் போட்டதற்காக மறுக்கலாகாது என்றும், 2001இல் குற்ற வழக்குக்குரிய கறார்ச் சான்றை அவர்களிடம் கேட்கலாகாது என்றும் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. தாளைத் தொலைத்தவர் யாரோ அவர்தான் அதன் விலையைக் கொடுக்க வேண்டும். ஆண்டு முடிவில் எத்தனை நாள், எந்த நிலையம் என்று எழுதி முத்திரையிட்ட ஒரு நகலை ஒவ்வொரு ஹோம் கார்டு கையிலும் கொடுக்க அரசாணைகூடத் தேவைப்படாது; எழுத்தரின் அரைநாள் வேலை அது.