பிரஜாபதி சொன்ன ஒற்றை எழுத்து

பிருகதாரண்யக உபநிஷதத்தின் ஐந்தாம் அத்தியாயத்தில் மிகச் சிறிய கதை ஒன்று வருகிறது. தேவர், மனிதர், அசுரர் மூவருமே பிரஜாபதியின் பிள்ளைகள். மூவரும் தகப்பனிடமே மாணவராகத் தங்கிப் பிரம்மசரியம் காத்தார்கள். படிப்பு முடிந்ததும் முதலில் தேவர்கள் வந்து உபதேசம் கேட்டார்கள். அவர் சொன்னது ஒரே எழுத்து: ‘த’. தானம், தயை என்று சொல்லும்போது முதலில் மென்மையாக ஒலிக்கிறதே, அந்தத் ‘த’. புரிந்ததா என்று கேட்டார். புரிந்தது, ‘தாம்யத’, அடங்கியிருங்கள் என்கிறீர்கள் என்றார்கள் தேவர்கள். ஓம், சரியாகப் புரிந்துகொண்டீர்கள் என்றார் பிரஜாபதி.

அடுத்து மனிதர்கள் வந்தார்கள். அவர்களுக்கும் அதே ‘த’தான். ‘தத்த’, கொடுங்கள் என்று பொருள் கொண்டார்கள். அசுரர்களோ ‘தயத்வம்’, இரக்கம் காட்டுங்கள் என்றார்கள். இரு தரப்புக்கும் அதே ‘ஓம்’ கிடைத்தது.

இங்கே ஓம் என்பதற்கு ஆம் என்றுதான் பொருள். அது சம்மதம் சொல்லும் எழுத்து என்று சாந்தோக்கிய உபநிஷதமும் சொல்கிறது.

ஓரெழுத்துக்கு மூன்று பொருள், மூன்றும் சரி என்றால் ஒரு கேள்வி எழுகிறது. பொருள் சொன்னவரிடம் இருக்கிறதா, கேட்டவரிடம் இருக்கிறதா? கேட்டவரிடம்தான் என்றால், வேதவாக்குக்கு யார் வேண்டுமானாலும் எந்தப் பொருளும் சொல்லிவிடலாமே?

ஆதிசங்கரர் தம் உரையில் இதற்கு வழி காட்டுகிறார். தேவர்கள் இயல்பிலேயே அடக்கம் இல்லாதவர்கள். மனிதர்கள் பேராசைக்காரர்கள். அசுரர்கள் கொடியவர்கள். தங்கள் குறையை அறிந்து அஞ்சிக்கொண்டிருந்தவர்கள் ஆதலால், ‘த’ என்றதுமே அவரவர் குறைக்கான மருந்து அவரவர் காதில் விழுந்தது. கதையில் ஒருவர்கூடத் தமக்கு இதமான பொருளைத் தேடவில்லை. அடுத்தவரைத் திருத்தும் பொருளையும் எடுக்கவில்லை. பிரஜாபதி மூன்று முறையும் ஆம் என்றதற்கு இதைவிட நல்ல காரணம் தென்படவில்லை.

சுருக்கெழுத்தை விரித்துப் பொருள் காண்பது இந்திய சமயங்கள் எல்லாவற்றுக்கும் பழக்கமான வழி. ஓம் என்ற எழுத்தையே எடுத்துக்கொள்ளலாம். அருகர், உடலற்றவரான சித்தர் என்னும் அசரீரர், ஆசாரியர், உபாத்தியாயர், முனிவர் என்னும் ஐவரின் முதலெழுத்துகள் சேர்ந்தே ஓம் ஆயிற்று என்பது சமணர் கணக்கு. பன்னிரண்டே மந்திரங்கள் கொண்ட மாண்டூக்கிய உபநிஷதம் அதே ஓம் எழுத்தை அ, உ, ம் என்று பிரித்து விழிப்பு, கனவு, ஆழ்ந்த உறக்கம் என்று மூன்று நிலைகளாக்குகிறது. நான்காவது நிலைக்கு எழுத்தே இல்லை என்கிறது. பிள்ளை லோகாசாரியரின் ‘முமுட்சுப்படி’ காட்டும் வைணவ மரபில் அகாரம் திருமால், மகாரம் உயிர். வடமொழியில் ககரம் முதல் எண்ணினால் மகரம் 25ஆம் மெய்; உயிரும் 25ஆம் தத்துவம். இடையில் நிற்கும் உகாரம், உயிர் அவனுக்கே உரியது என்று அறுதியிடுகிறது.

எல்லாம் ஒன்றே என்று இவற்றைச் சமரசம் செய்துவிட முடியாது. உலகைப் படைத்த கடவுள் உண்டு என்பதைச் சமணம் ஏற்பதில்லை. வைணவத்துக்கு அவனே எல்லாம். ஆனாலும் ஒவ்வொரு விளக்கமும் ஓதுகிறவனிடம் ஒன்றைக் கேட்கிறது. சமணனைத் துறந்தவர் முன் தலைவணங்கச் சொல்கிறது. நான் எனக்கே சொந்தம் என்ற எண்ணத்தை வைணவன் கைவிட வேண்டியிருக்கிறது. விழித்திருக்கும் ‘நான்’ மட்டுமே நான் என்ற நம்பிக்கையை மாண்டூக்கியம் அசைக்கிறது.

வேதவாக்கில் ஒரு வரியை உருவி எடுத்து அண்டை வீட்டார் மீது எறிகிறவர்களுக்கும் இந்த அளவுகோலைத்தான் வைக்க வேண்டும். அவர்கள் சொல்லும் பொருள் யாருடைய குறையைக் காட்டுகிறது? எப்போதும் பிறருடையதை மட்டுமே என்றால், அதற்குப் பிரஜாபதியின் ஓம் கிடைக்காது.

கதையின் முடிவில், வானத்து இடி ‘த, த, த’ என்று அதையே திரும்பச் சொல்வதாகக் கூறும் உபநிஷதம், அடக்கம், கொடை, தயை மூன்றையும் கற்கச் சொல்கிறது. 1922இல் வெளிவந்த ‘தி வேஸ்ட் லேண்ட்’ கவிதையின் இறுதிப் பகுதியில் டி. எஸ். எலியட் இந்த இடியைக் கொண்டுவந்தபோது வரிசையை மாற்றி, மனிதருக்குரிய கொடையை முதலில் வைத்தார். சங்கரர் இன்னும் ஒருபடி மேலே போகிறார். தேவரும் அசுரரும் வேறெங்கோ இருப்பவர்கள் அல்லர், மனிதருக்குள்ளேயே இருக்கிறார்கள் என்றும் கொள்ளலாம் என்கிறார். அப்படிக் கொண்டால், அடக்கமும் இரக்கமும் வேறு யாருக்கோ சொன்ன பாடங்கள் என்று ஒதுக்க மனிதனுக்கு உரிமை இல்லை.