கொல்லாதவன் காப்பவனா?

இலையுதிர்காலம் தொடங்கியதும் கர்க்லாண்டில் எமது வீடுகளுக்கு மேலாகக் காட்டு வாத்துகள் சத்தமிட்டபடி சென் லூயி ஏரிப் பக்கம் பறப்பதை எல்லோரும் கண்டிருப்போம். தென் கியூபெக்கில் வாத்து வேட்டைக்காலம் தொடங்குவதும் அந்த நாட்களில்தான். விடியற்காலையில் படகும் துவக்குமாகச் சதுப்பு நிலங்களுக்குப் போகிறவர்களைப் பற்றி எம்மவர் மத்தியில் இரண்டாவது அபிப்பிராயம் கிடையாது. "வாயில்லாச் சீவனைச் சுடுவது பாவம்" என்று முடித்துவிடுவோம். புலால் மறுத்தலுக்கும் கொல்லாமைக்கும் தனித்தனி அதிகாரம் வகுத்த வள்ளுவரைப் படித்து வளர்ந்தவர்களுக்கு இது இயல்பான தீர்ப்பு. அது தவறென்று நான் சொல்ல வரவில்லை. அந்தத் தீர்ப்போடு எமது கடமை முடிந்துவிடுகிறதா என்பதே இங்கு கேள்வி.

என்னுடன் வேலை செய்யும் கியூபெக்காரர் ஒருவர் ஆண்டுதோறும் வேட்டைக்குப் போகிறவர். ஒருநாள் சாப்பாட்டு மேசையில் அவர் கேட்டார்: "நீங்கள் ஒரு வாத்தையும் கொன்றதில்லை, நல்லது. ஒரு வாத்தாவது உயிரோடு இருக்க ஒரு டொலர் கொடுத்திருக்கிறீர்களா?" அவர் கேலியாகக் கேட்கவில்லை. அந்தக் கேள்வியின் பின்னால் நீண்ட வரலாறு இருக்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இக்கண்டத்தில் காட்டுப் பறவைகளை வியாபாரத்துக்காக வரம்பின்றிச் சுட்டார்கள். 1916 இல் கனடாவுக்காகப் பிரித்தானியாவும் அமெரிக்காவும் வலசைப் பறவைகளைக் காக்கும் உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. 1930களில் பெரும் வறட்சி வந்து புல்வெளி மாகாணங்களின் குளங்கள் வற்றின. வாத்துகள் அருகின. அப்போது முன்வந்தவர்களில் பெரும்பாலோர் வேட்டைக்காரர்களே. 1934 இல் அமெரிக்க அரசு வேட்டைக்காரர் கட்டாயம் வாங்கவேண்டிய 'வாத்து முத்திரை'யை ஒரு டொலருக்கு வெளியிட்டது. 1937 இல் அங்கே 'டக்ஸ் அன்லிமிற்றெட்' என்ற அமைப்பு உருவாகி, மறு ஆண்டே கனடாவில் கிளைவிட்டது. அமெரிக்கர் சுடும் வாத்துகளில் பெருந்தொகையானவை முட்டையிடுவது கனடாவில். ஆகவே அவர்கள் திரட்டிய பணம் மனிற்றோபாவின் வற்றிய சதுப்புகளுக்கு வந்தது. கனடாவும் 1985 முதல் வேட்டை அனுமதிப் பத்திரத்துடன் இத்தகைய முத்திரையை விற்றுவருகிறது.

இந்தப் பணத்தில் நடப்பது வெறுமனே வேலி போடுவதல்ல. வரம்பு கட்டி மதகு வைக்கிறார்கள். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை நீரை வடித்து, சேற்றில் விதைகள் முளைக்க விட்டு, மீண்டும் நீரைத் தேக்குகிறார்கள். வன்னியில் குளத்தையும் வயலையும் கண்டவர்களுக்கு இந்த வேலை புதிதல்ல. பலன் என்ன? 2019 இல் 'சயன்ஸ்' சஞ்சிகையில் வந்த ஆய்வின்படி, 1970க்குப் பின் வட அமெரிக்கா ஏறத்தாழ 290 கோடி பறவைகளை இழந்திருக்கிறது. புல்வெளிப் பறவைகளில் பாதிக்கு மேல் போய்விட்டன. வாத்தினமோ 56 வீதம் கூடியிருக்கிறது. சட்டமும் மழையும் இதற்கு உதவின. வேட்டைக்காரரின் பணமும் உதவியது.

அப்படியானால் வேட்டை புண்ணியமாகிவிடுமா? நான் கணக்காளன், அந்த முறையிலேயே பார்க்கிறேன். ஒருவருக்குச் சேரவேண்டிய கடனை இன்னொருவருக்குக் கொடுத்த பணத்தால் தீர்த்ததாகப் பேரேட்டில் எழுத முடியாது. சுடப்பட்ட வாத்து இழந்தது தன் உயிரை. வேறொரு குளத்தில் பத்துக் குஞ்சுகள் பொரித்ததால் அதன் கணக்குத் தீராது. மேலும், ஆசை இருக்கும் இடத்துக்கே பணம் போகிறது. சுடுவதற்கு யாரும் தேடாத புல்வெளிக் குருவிகளுக்கு அத்தகைய செல்வந்தக் காவலர் இல்லை. அதையும் அந்த ஆய்வே காட்டுகிறது.

ஆனால் எமது பேரேட்டையும் திறந்து பார்க்கவேண்டும். எமது வீடுகளில் வாரம் தவறாமல் வேகும் மைசூர்ப் பருப்பைப் பாருங்கள். கனடாவில் பருப்பின் பெரும்பகுதி விளைவது சஸ்காச்சுவான் மாகாணத்தில். இலங்கைக் கடைகளுக்கும் அங்கிருந்து பருப்புப் போகிறது. வட அமெரிக்க வாத்துகளின் பிரதான குஞ்சு பொரிக்கும் நிலமும் அதே புல்வெளிதான். விவசாயத்துக்காக அங்குள்ள சிறு குளங்கள் பெருமளவு வடிக்கப்பட்டன. ஊசிவால் வாத்து என்ற இனம் சென்ற ஆண்டுப் பயிரின் தாள் நிற்கும் வயலிலேயே முட்டையிடும். வசந்தத்தில் விதைப்பு இயந்திரம் வரும்போது அந்தக் கூடுகள் நசுங்கிப்போகின்றன. மன்னார் வங்காலையில் மாரிகாலத்தில் வந்திறங்கும் ஊசிவால் வாத்தும் இதே இனம்தான். மரக்கறிச் சாப்பாட்டில் இரத்தம் தெரிவதில்லை. ஆனாலும் அதற்கு ஒரு செலவு உண்டு. பருப்பைக் கைவிடும்படி நான் சொல்லவில்லை. இந்த உலகில் உண்டு உடுத்து வீடு கட்டி வாழும் எவருக்கும் முற்றிலும் வெள்ளைத்தாளான கணக்கு இல்லை என்கிறேன்.

இந்தியாவின் இரண்டு இடங்கள் இதற்குப் பாடமாக இருக்கின்றன.

ராஜஸ்தானின் பரத்பூரில் மகாராஜாக்கள் வாத்து வேட்டைக்கென்றே நீர் கொண்டுவந்து சதுப்பு அமைத்தார்கள். 1938 நவம்பர் 12 இல் வைஸ்ராய் லின்லித்கோ பிரபு கலந்துகொண்ட வேட்டையில் ஒரே நாளில் 4,273 பறவைகள் வீழ்த்தப்பட்டன. பின்னர் வேட்டை ஒழிந்து, இடம் தேசிய பூங்காவாகி, 1985 இல் உலக மரபுரிமைச் சின்னமாயிற்று. ஆனால் 1982 இல் எருமைகள் மேய்வதையும் தடைசெய்தார்கள். அதையொட்டிய கலவரத்தில் துப்பாக்கிச் சூடு நடந்து கிராமத்தவர் சிலர் உயிரிழந்தனர். எருமை மேயாததால் புல் மண்டி நீர்ப்பரப்பை மூடியது. வாத்துகளுக்கு இடம் குறைந்தது. கொல்லாமல் விட்டதும், எல்லோரையும் விலக்கிவைத்ததும் மட்டும் அந்தச் சதுப்பைக் காக்கவில்லை.

வேடந்தாங்கலின் கதை வேறு. பெயரிலேயே வேடன் இருக்கும் ஊர். அங்கே வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது, ஊர் விவசாயிகள் செங்கல்பட்டுக் கலெக்டர் லயனல் பிளேசிடம் முறையிட்டு 1798 அளவில் பாதுகாப்பு உத்தரவு பெற்றார்கள். பறவை எச்சம் கலந்த ஏரித்தண்ணீர் வயலுக்கு உரமாகும் என்பது அவர்களுக்குத் தெரியும். அவர்களிடம் துவக்கு இருக்கவில்லை. முறையிடும் துணிவும், அதன்பின் தலைமுறை தலைமுறையாக ஏரியைப் பேணும் பொறுமையும் இருந்தன. கொல்லாமை கையைக் கட்டிக்கொண்டிருப்பதல்ல என்பதற்கு எம்மிடமே இருக்கும் சான்று இது.

இங்கே எமக்கு அருகில் பியர்பொன்ட்ஸ் மேற்கில், லான்ஸ்-ஆ-லோர்ம் பக்கத்து வயல்களிலும் ஈரநிலங்களிலும் 5,500 வீடுகள் கட்டத் திட்டமிருந்தது. அயலவர்கள் ஆண்டுக்கணக்காகக் கூட்டம் கூடி எதிர்த்தார்கள். 2019 இல் மொன்றியல் நகரசபை அந்த நிலத்தை வாங்கிப் பெரிய மேற்குப் பூங்காவில் சேர்த்தது. 2017 இலும் 2019 இலும் பியர்பொன்ட்ஸ் வீடுகளுக்குள் ஆற்று வெள்ளம் புகுந்ததை மறந்திருக்க மாட்டோம். ஈரநிலம் வாத்துக்கு மட்டும் உதவுவதல்ல; வெள்ளத்தையும் உறிஞ்சி வைத்திருக்கும்.

ஆகவே எமது பிள்ளைகளுக்கு, வேட்டையாடுவது பாவம் என்பதோடு இன்னும் சிலவற்றையும் சொல்லிக்கொடுப்போம். வேட்டைக்குப் போகாதவர்களும் அந்த முத்திரையை வாங்கலாம். நகரசபை பொதுக்கூட்டத்தில் ஈரநிலம் பற்றிப் பேச்சு வரும் நாளில் எம்மவர் பத்துப்பேர் போய் இருக்கலாம். பூங்காக் குளத்து வாத்துகளுக்குப் பாண் போடுவதை நிறுத்தலாம். அது தர்மமல்ல, அவற்றுக்குக் கெடுதி. இவை சிறிய காரியங்கள்தான்.

அடுத்த முறை அந்த நண்பர் கேட்டால், "கொல்வது சரியல்ல என்பதே இன்றும் என் எண்ணம், ஆனால் காப்பதற்கான செலவில் என் பங்கையும் நான் கொடுக்கிறேன்" என்று எம்மில் ஒவ்வொருவரும் சொல்லக்கூடியதாக இருக்கவேண்டும். சிந்திப்போமாக.