நாளையிலிருந்து வர வேண்டாம்

தியாகராய நகரில் துணிக்கடை வைத்திருக்கும் ஒருவர், ஆறு மாதத்துக்கு மேல் தொடர்ந்து வேலை பார்த்த விற்பனைப் பெண்ணை நிறுத்த நினைத்தால், 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் குறுக்கே நிற்கும். அதன் 41-ஆம் பிரிவின்படி நியாயமான காரணம் வேண்டும். ஒரு மாத முன்னறிவிப்பு தர வேண்டும், அல்லது அதற்கு ஈடாக ஒரு மாதச் சம்பளம் தர வேண்டும். தவறு செய்தார் என்று சொல்லி முன்னறிவிப்பில்லாமல் அனுப்புவதானால், விசாரணை நடத்தி அதைப் பதிவு செய்திருக்க வேண்டும். அதே முதலாளியின் வீட்டில் பத்து வருடமாகப் பாத்திரம் தேய்த்து, பெருக்கித் துடைக்கும் பெண்ணை நிறுத்த “நாளையிலிருந்து வர வேண்டாம்” என்ற மூன்று சொற்கள் போதும். சில அடுக்ககங்களில் அதுவும் தேவைப்படுவதில்லை. வாசலில் இருக்கும் செக்யூரிட்டியிடம் சொல்லிவிட்டால் அவரே சொல்லிக்கொள்வார்.

இந்த வேலைக்குச் சட்டமே கிடையாது என்று சொல்லிவிட முடியாது. தமிழ்நாட்டில் 2007 முதல் வீட்டு வேலைத் தொழிலாளர்களுக்குத் தனி நலவாரியம் இருக்கிறது. 2018-இல் குறைந்தபட்ச ஊதியமும் அறிவிக்கப்பட்டது. 2013-ஆம் ஆண்டின் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் வீட்டையும் பணியிடமாகவே கொள்கிறது. ஆனால் வேலையிலிருந்து நிறுத்தும் இடம் வந்ததும் சட்டம் கையை விரித்துவிடுகிறது. 2020-இல் இயற்றப்பட்டு 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் தொகுப்பு, ‘தொழில்’ என்பதன் வரையறையிலிருந்து வீட்டு வேலையைப் பெயர் சொல்லியே விலக்கி வைத்திருக்கிறது. வீட்டு வேலையாட்களுக்கென ஒரு சட்டம் தேவையா என்று ஆராயக் குழு அமைக்கும்படி உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் ஒன்றிய அரசுக்குச் சொன்னது.

மிச்சம் இருப்பது 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம். வாய்மொழியாகப் பேசி முடித்ததும் ஒப்பந்தமே என்பது அதில் ஐயமில்லாத செய்தி. “எழுத்தில் எதுவும் இல்லையே” என்று சொல்லும் வீட்டுக்காரர் பலருக்கும் இது தெரியாது. ஆனால் தனிப்பட்ட பணியை மீண்டும் தரச்சொல்லி நீதிமன்றம் வற்புறுத்தாது. இழப்பீடு மட்டுமே கேட்கலாம். பாக்கிச் சம்பளத்துக்கு மூன்று ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். நாலாயிரம் ரூபாய்க்காக எந்தப் பெண் மற்ற வீடுகளின் வேலையை விட்டுவிட்டு உரிமையியல் நீதிமன்றப் படியேறுவாள்? அதனால் கடமை என்னவோ சட்டத்தில் இருக்கிறது, அதைக் கேட்க ஆள் வரப்போவதில்லை. கேட்க ஆள் வராத கடமைக்கு ஒருவர் எவ்வளவு தூரம் கட்டுப்பட்டவர் என்பதுதான் இங்கே உண்மையான கேள்வி.

எழுத்தில் எதுவும் இல்லை என்ற வாதத்தை முதலில் பார்க்கலாம். காலை ஏழு மணிக்கு வர வேண்டும், மாதத்தில் இரண்டு நாள்தான் லீவு, ஊருக்குப் போவதானால் முன்கூட்டியே சொல்ல வேண்டும், சொல்லாமல் நின்றால் பிடித்தம், விருந்தாளி வந்தால் கூடுதல் பாத்திரத்துக்குக் காசு கேட்கக் கூடாது. இதில் எதையும் யாரும் எழுதிக் கையெழுத்துப் போடவில்லை. ஆனாலும் ஒவ்வொன்றும் நடைமுறையில் கறாராகச் செல்லுபடியாகிறது. இத்தனை ஆண்டுகள் எழுதாத ஒப்பந்தத்தின் பலனை அனுபவித்தவர், முடித்துக்கொள்ளும் நாளில் மட்டும் ஒப்பந்தமே இல்லை என்று சொல்வது நேர்மையாகாது.

எதிர்த்தரப்பிலும் நியாயம் உண்டு. வீடு கடையல்ல. படுக்கையறை, பீரோ, நோயில் கிடக்கும் மாமியார், தனியாக இருக்கும் குழந்தை என்று அந்தரங்கம் முழுவதும் திறந்து கிடக்கும் இடம். நம்பிக்கை போய்விட்ட ஒருவரைக் காரணம் நிரூபிக்கும் வரை வைத்திருக்கும்படி யாரையும் கட்டாயப்படுத்த முடியாது, கட்டாயப்படுத்தவும் கூடாது. அதுபோக, வேலை செய்பவர்களும் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடுவது உண்டு. தீபாவளி போனஸ் வாங்கிய மறுவாரம் நின்றவரைப் பற்றிய கதை இல்லாத தெருவே கிடையாது.

முதல் நியாயம் சரியானது. ஆனால் அது, ஒருவரை நிறுத்தும் உரிமை உண்டு என்று மட்டுமே சொல்கிறது. செலவில்லாமல் நிறுத்தும் உரிமை அதற்குள் அடங்கவில்லை. இன்றே வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஒரு மாதச் சம்பளத்தைக் கையில் கொடுத்தால் அந்தரங்கத்துக்கு ஒரு குறையும் வராது. இரண்டாவது நியாயத்தில் தராசு சமமாக நிற்பதில்லை. அவர் நின்றால் இந்த வீட்டில் சில நாள் பாத்திரம் குவியும், அலுவலகத்துக்குத் தாமதமாகும். அவரை நிறுத்தினால் நடப்பது வேறு. நான்கு வீட்டு வேலை என்பது நேரத்தை நேரத்தோடு பொருத்திக் கட்டியது: ஏழு மணிக்கு ஒரு வீடு, எட்டரைக்கு அடுத்தது, பத்தரைக்கு இன்னொன்று, எல்லாம் நடந்து போகும் தூரத்தில். ஏழு மணி வீடு போய்விட்டால், அதே பகுதியில் அதே நேரத்தில் ஆள் தேடும் இன்னொரு வீடு கிடைக்கும் வரை அந்த இடம் காலியாகவே கிடக்கும். வீட்டு வாடகையும் சீட்டுப் பணமும் பள்ளிக் கட்டணமும் அதுவரை காத்திருக்காது. ஒரு மாதச் சம்பளம் என்பது தர்மமாகக் கொடுப்பதல்ல. அந்த வீட்டைத் தேடி எடுக்கக் குறைந்தது அவ்வளவு காலமாவது ஆகும்.

தென்னாப்பிரிக்கா இதை இப்படித்தான் பார்த்திருக்கிறது. அங்கே 1997-இன் அடிப்படைப் பணி நிபந்தனைகள் சட்டத்தின்படி, பிற தொழிலாளர்களுக்கு ஓராண்டு கழித்துக் கிடைக்கும் நான்கு வார முன்னறிவிப்பு, வீட்டு வேலையாளுக்கும் பண்ணைத் தொழிலாளிக்கும் ஆறு மாதத்திலேயே கிடைத்துவிடுகிறது. எளிதில் தள்ளிவிடக்கூடியவருக்கே கூடுதல் பாதுகாப்பு. முன்னறிவிப்பு எழுத்தில் இருக்க வேண்டும். புரியாதவருக்கு அவர் அறிந்த ஆட்சிமொழியில் வாயால் விளக்க வேண்டும். வீட்டோடு தங்கியிருப்பவரை அன்றே தெருவில் நிறுத்த முடியாது. மாதம் 24 மணி நேரத்துக்குக் குறைவாக ஒரு வீட்டில் வேலை செய்பவருக்கு இவை பொருந்தா. நம் ஊர்க் கணக்கில் தினம் ஒரு மணி நேரம் வருபவரே அந்த வரம்பைத் தாண்டிவிடுவார்.

திருட்டுப் பழி தனியாகப் பேச வேண்டியது. மோதிரம் காணவில்லை என்றதும் முதலில் சந்தேகப்படுவது வேலைக்கு வருபவரைத்தான். பல வீடுகளில் அந்த மோதிரம் பிறகு குளியலறை அலமாரியிலோ தலையணை உறையிலோ கிடைக்கும். அதற்குள் அவர் அனுப்பப்பட்டிருப்பார். தன் வீட்டுக்கு இனி வேண்டாம் என்று முடிவெடுப்பது வீட்டுக்காரர் விருப்பம். அதையே அடுக்கக வாட்ஸ்அப் குழுவில் போட்டால் மற்ற மூன்று வீடுகளும் அன்றே போய்விடும். விசாரணை இல்லை, எதிர்வாதம் இல்லை, மேல்முறையீடும் இல்லை. உறுதியான சான்று இருந்தால் காவல் நிலையம் இருக்கிறது. சான்று இல்லையென்றால் பக்கத்து வீட்டிலும் அதைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. இந்தக் கட்டுப்பாட்டுக்குப் பணச் செலவு ஒன்றும் கிடையாது, ஆனாலும் பலரால் முடிவதில்லை.

இதைவிடக் கனமானது முதுமை. பதினைந்து இருபது வருடம் வந்தவருக்கு முட்டி வலி. குனிந்து துடைக்க முடியவில்லை. சின்ன வயதுப் பெண் ஒருத்தி கிடைத்துவிட்டாள். “வீட்டில் ஒருத்தி மாதிரி” என்ற பேச்செல்லாம் ஒரு பழைய புடவையோடு முடிந்துபோகும். வீட்டில் ஒருத்தி என்று சொன்ன காலத்தில் அவர் சம்பள உயர்வு கேட்கக் கூச்சப்பட்டார் என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும். 2025 நவம்பர் வரை நடைமுறையில் இருந்த 1972-ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம் வீடுகளைத் தொடவில்லை. ஆனால் அதன் கணக்கை எடுத்துக்கொள்ளத் தடையில்லை: ஓராண்டுக்குப் பதினைந்து நாள் சம்பளம், மாதத்துக்கு 26 வேலைநாள். மாதம் 4,000 ரூபாய்க்குப் பன்னிரண்டு வருடம் வேலை செய்தவருக்கு அது ஏறத்தாழ 27,700 ரூபாய். அலுவலகத்தில் தனக்கு வர வேண்டிய பணிக்கொடையை ரூபாய் பைசாவாகக் கணக்குப் பார்ப்பவருக்கு இந்தக் கணக்கு புரியாததல்ல.

எல்லா வீடும் வசதியான வீடு இல்லை என்பதும் உண்மை. ஓய்வூதியத்தில் வாழும் முதியவர், இருபதாயிரம் சம்பளத்தில் வேலைக்கு ஓடும் தாய், இவர்களும் வேலைக்கு ஆள் வைப்பவர்களே. வருமானம் நின்றதால்தான் ஆளை நிறுத்துகிறார்கள் என்றால் மொத்தமாகத் தர வழி இருக்காது. வேலை செய்த நாட்களின் பாக்கிச் சம்பளத்துக்கு இந்தச் சலுகை பொருந்தாது. அது ஏற்கெனவே அவருடைய பணம், அன்றே கொடுத்தாக வேண்டும். மற்றதற்கு வழி இரு தரப்புக்கும் பழக்கமானதுதான். மகளின் காதுகுத்துக்கு அவர் வாங்கிய ஐயாயிரம் முன்பணத்தை மாதம் ஐந்நூறாகச் சம்பளத்தில் பிடித்துக்கொண்ட வீடு, கொடுக்க வேண்டியதையும் மாதம் ஐந்நூறாக அனுப்பலாம். முன்பணத்தில் கொஞ்சம் பாக்கி இருந்தால் அதைக் கழித்துக்கொண்டு மீதியை அனுப்பட்டும். கணக்கை மட்டும் ஒரு தாளில் எழுதி அவர் கையில் கொடுத்துவிட வேண்டும்.